முயல் ஏன் கலெக்டராக வேண்டும்?

வணக்கம் சார்,

ஈரோடு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த வருடம் பிள்ளைகளுக்கு 'இலக்கு நிர்ணயமும் தன்மதிப்பும்' என்ற தலைப்பில் பொம்மலாட்டம் வழியாகச் சொல்லித்தரும்படி நிர்வாகம் கேட்டிருக்கிறது. நானே ஒரு கதை எழுதியிருக்கிறேன். ஒரு முயல் கலெக்டராக ஆசைப்படுகிறது. காட்டில் எல்லா மிருகங்களும் சிரிக்கின்றன. முயல் விடாமல் படித்துக் கலெக்டராகித் திரும்பி வருகிறது. முடிவில் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று 'என்னால் முடியும்' என்று உறுதிமொழி எடுப்பார்கள். ஆண்டுவிழாவில் பெற்றோர் முன்னால் போடுவதாகத் திட்டம். நிழல்பாவை நல்லதா, கையில் மாட்டும் பொம்மை நல்லதா? கடைசியில் பாட ஏதாவது பாட்டு சொல்ல முடியுமா?

பி.கு: ஒத்திகையில் ஒரு வேடிக்கை நடந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், சாக்ஸ் பொம்மையைக் கையில் மாட்டியதும் என்னைப் பார்த்து, "நீ ஏன் எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்க?" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. பொம்மையை வாங்கி வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டேன்.

ம.

அன்புள்ள ம.,

கொஞ்ச நாளாகவே உளுவத்தலையன் என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறான். சரியாக அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கேட்டதற்குப் பதில் கடைசியில் வரலாம். வராமலும் போகலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் அவனைத் தெரியாமல் இருக்கலாம். உளுவத்தலையன் தோல்பாவைக்கூத்தில் வரும் கோமாளி. அவனுடைய கூட்டாளி உச்சிக்குடும்பன். நான் சிறுவனாக இருந்தபோது குமரி மாவட்டத்து ஊர்களுக்குக் கூத்துக்காரர்கள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். வீட்டுக்குள் மராத்தி, திரைக்குப் பின்னால் சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ். ராமாயணம் பல ராத்திரிகளுக்கு நீளும், நடுவில் நல்லதங்காள் கதையும் உண்டு. வெள்ளை வேட்டித் திரை, பின்னால் ஒரு விளக்கு, மிருதங்கம், ஆர்மோனியம், ஜால்ரா. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, பொடித் துளைகள் போட்டு, சாயம் ஏற்றிய பாவைகள். ஒரே ஆள்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டுவார். ராமன் குரலும் அவருடையதுதான், சூர்ப்பனகை குரலும் அவருடையதுதான்.

ராமன் வந்தால் நாங்கள் தூங்கிவிடுவோம். இதைச் சொன்னால் சிலருக்கு மனம் புண்படும், ஆனால் நடந்தது அதுதான். ராமன் எதையும் தப்பாகச் செய்வதில்லை. அவனை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? உளுவத்தலையன் வந்தால் மொத்தக் கூட்டமும் நிமிர்ந்து உட்காரும். ராவணனைக் கட்டி இழுத்து வருகிறேன் என்று அவன் மீசையை முறுக்குவான். அரக்கன் அவனுக்குப் பின்னாலேயே நிற்பான். அவனுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். "எலே, பொறத்தால நிக்காம்லே!" என்று தொண்டை கிழியக் கத்துவோம். அவன் தப்பான பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்கலே? ஒருத்தனையும் காணலியே" என்பான். மறுபடியும் கத்துவோம். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் வேட்டி நுனியைக் கடிக்கும் பையன்கள்கூட அங்கே எழுந்து நின்று கையை நீட்டிக் கத்துவார்கள்.

அவ்வளவு நேரமும் எங்களை விட விவரம் கெட்ட ஒருவன் அந்தத் திரையில் இருந்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பிள்ளையை விட அதிகம் தெரியும். பள்ளியில் கேட்கவே வேண்டாம். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு, அதுவும் தோலில் வெட்டிய ஆளுக்கு, அவனால் வழி சொல்ல முடிகிறது. நீங்கள் தன்மதிப்பு என்று தலைப்புப் போட்டிருப்பது அங்கேதான் முளைக்கிறது, ஐயா. உறுதிமொழியில் முளைக்காது.

இதற்கு உளுவத்தலையன் மட்டும் சாட்சி இல்லை. 1930-களில் நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனையில் லாரெட்டா பெண்டர் என்ற மனநல மருத்துவர், அடால்ஃப் வோல்ட்மன் என்பவரோடு சேர்ந்து, சிக்கலில் இருந்த குழந்தைகளுக்குப் பாவைக்கூத்து போட்டார். 1936-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்கள். அவர்களுடைய கதாநாயகன் காஸ்பர், ஜெர்மன் நாட்டுப்புறக் கூத்தின் கோமாளி. அந்தக் குழந்தைகளும் சும்மா உட்கார்ந்து பார்க்கவில்லை. இதைச் செய், அதைச் செய்யாதே என்று காஸ்பருக்குச் சத்தம் போட்டுச் சொன்னார்கள். நாகர்கோவிலுக்கும் நியூயார்க்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இரண்டு ஊரிலும் பிள்ளைகள் கோமாளியைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் முயலுக்கு வருவோம். அது பிறந்ததிலிருந்தே சரியான முயல். சிரிப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள். அது படிக்கிறது, ஜெயிக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அதில் என்ன வேலை? கைதட்டுவதைத் தவிர ஒன்றும் கிடையாது. அப்புறம், ஏன் கலெக்டர்? நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கலெக்டர் என்பது அப்பா அம்மாவின் ஆசை. அவனுடைய ஆசை அரை ஆண்டுத் தேர்வைத் தாண்டிப் போகாது, போகவும் வேண்டாம். இருபது வருடம் கழித்து எட்ட வேண்டியதை இலக்கு என்று கையில் கொடுத்தால் அவன் அதை வைத்துக்கொண்டு இன்று சாயங்காலம் என்ன செய்வான்?

அந்த முயலை மக்காக மாற்றுங்கள். மேடைக்கு வந்ததும், "நாளைக்குக் காலையில ஆயிரம் கணக்குப் போட்டுட்டுத்தான் பல்லு விளக்குவேன்" என்று பீற்றிக்கொள்ளட்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள். "ஏன் சிரிக்கிறீங்க?" என்று அது அப்பாவியாகக் கேட்கட்டும். எந்தப் பிள்ளையாவது, "ஆயிரம் முடியாது, மூணு போடு" என்று கத்தும். "மூணா? எந்த மூணு?" "ஏழாம் வாய்ப்பாட்டுல மூணு!" "எப்ப போடுறது?" "விளையாடிட்டு வந்து, சாப்பிடுறதுக்கு முன்னாடி!" போதும். எவ்வளவு, எது, எப்போது எல்லாம் வந்துவிட்டது. எட்வின் லாக், கேரி லாதம் என்ற இரண்டு பேராசிரியர்கள் காலமெல்லாம் ஆராய்ந்து, 'முடிந்தவரை செய்' என்பதை விடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்குதான் வேலை செய்கிறது என்று சொன்னார்கள். அந்தப் பாதையில் பாதி தூரத்தை உங்கள் வகுப்பு முயலைத் திட்டியே போய்விடும். மறுநாள் முயல் வரட்டும். இரண்டு கணக்குத்தான் போட்டேன், தூங்கிவிட்டேன் என்று தலையைச் சொறியட்டும். பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். சிலர் திட்டுவார்கள். யாராவது ஒரு பெண் குழந்தை, "பரவால்ல, இன்னிக்குப் போடு" என்பாள். நீங்கள் பத்து வகுப்பு எடுத்தாலும் சொல்லித்தர முடியாததை அவளே சொல்லிவிட்டாள். அந்த இடத்தில் தயவுசெய்து நீங்கள் குறுக்கே போய், "பார்த்தீர்களா பிள்ளைகளே" என்று ஆரம்பிக்காதீர்கள்.

உறுதிமொழி வேண்டவே வேண்டாம். கலிபோர்னியாவில் 1986-இல் அரசாங்கமே தன்மதிப்பை வளர்க்க ஒரு குழு அமைத்தது, 1990-இல் அறிக்கையும் வந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, நான் சிறந்தவன், நான் தனித்துவமானவன் என்று பிள்ளைகளைச் சொல்லவைத்தார்கள். 2003-இல் ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் வேறு சிலரும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, தன்மதிப்பை ஏற்றிவிடுவதால் படிப்பு ஏறுவதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். நன்றாகச் செய்த பிள்ளைக்குத் தன்மதிப்பு தானாக வருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நாம் இப்போதுதான் ஈரோட்டில் ஆரம்பிக்கிறோம்!

சரி, பி.கு.வுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எழுதத் தகுந்த விஷயம் அது ஒன்றுதான். அதைப் போய்க் கடைசியில் வேடிக்கை என்று சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபமே வந்தது. வாய் திறக்காத பிள்ளை வாய் திறந்தால் பொம்மையையா பிடுங்குவது? அவன் உங்களை 'நீ' என்றது உங்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும், புரிகிறது. ஆனால் பேசியது சாக்ஸ். சாக்ஸுக்கு மரியாதை தெரியாது. அந்த ஒரு தைரியத்தில்தான் அவன் பேசினான். நீங்களும் கையில் ஒரு சாக்ஸை மாட்டிக்கொண்டு, "அட, நான் கத்துறேனா? எப்ப கத்துனேன், சொல்லு" என்று கேட்டிருந்தால் அன்றைக்கு அவன் உங்களிடம் இன்னும் என்னென்னவோ சொல்லியிருப்பான். சொன்னதைக் கேட்டு வைத்துக்கொண்டால் போதும். அதைப் பெற்றோரிடம் போட்டுக்கொடுக்காதீர்கள், ஆசிரியர் அறையில் சிரிப்புக் கதையாக்காதீர்கள். நீங்கள் மோசமான ஆசிரியர் இல்லை. மோசமான ஆசிரியர் இதை எனக்கு எழுதியே இருக்க மாட்டார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை நினைத்துத்தான் ஆண்டுவிழா மேடை வேண்டாம் என்கிறேன். பெற்றோர் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் அவன் மறுபடி வாயை மூடிக்கொள்வான். பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில் கூத்துமாடங்களில் புலவர்கள் கம்பராமாயணப் பாட்டுப் பாடி விடிய விடிய தோல்பாவை ஆட்டுவார்கள். பல ராத்திரிகளில் முன்னால் ஒரு ஆள்கூட இருக்காது. ராம ராவண யுத்தத்தைப் பார்க்கத் தவறிய அம்மனுக்காக ஆடுவது அது, அவள் பார்த்தால் போதும். உங்கள் வகுப்புக்கும் அந்த வகுப்பு பார்த்தால் போதும். நிர்வாகத்திடம் இதைச் சொல்ல முடியாது, தெரியும். ஆண்டுவிழாவுக்கு ஒரு டான்ஸ் போட்டுச் சமாளியுங்கள்.

பாட்டு எனக்குத் தெரியாது. நிழல்பாவை அழகுதான், ஆனால் செய்ய நாளாகும், விளக்கு வேண்டும், இருட்டு வேண்டும். பழைய சாக்ஸே போதும். திரைக்கு ஒரு பெஞ்சைச் சாய்த்து, மேலே போர்வையைப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் தலை வெளியே தெரியக் கூடாது, அது மட்டும் முக்கியம். கண்ணுக்குப் பட்டன் வைப்பதாக இருந்தால் பசையில் ஒட்டாதீர்கள், முதல் நாளே கழன்றுவிடும். நாலு தையல் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

அன்புடன்.