ஓட ஆரம்பித்த இரண்டே நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது, நாலு நாளில் காலும் வலிக்கிறது. எனக்கு ஓட்டம் ஒத்துவராதா?

நிச்சயம் ஒத்துவரும். இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டுவதும், நாலு நாள் விடாமல் ஓடியதும் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிப்பதும் புதிதாக ஓடுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார்கள்தான். உங்கள் உடம்பு ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. முதலாவது வேகத்தால் வருகிறது, இரண்டாவது அவசரத்தால் வருகிறது. இரண்டையும் சரிசெய்யலாம்.

முதலில் மூச்சு. ஓட்டம் என்றதும் பள்ளிக்கூடத்து 100 மீட்டர் பந்தயம்தான் பலருக்கு நினைவில் இருக்கிறது. கிளம்பும்போதே கால் அந்த வேகத்தைப் பிடித்துவிடுகிறது. வேகம் ஓர் அளவைத் தாண்டினால், ஆக்சிஜனை வைத்து எடுக்கும் சக்தி தசைக்குப் போதாது. ஆக்சிஜன் தேவைப்படாத வழியிலும் எடுக்க ஆரம்பிக்கும். அப்போது இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது, அதைச் சமன்செய்யும்போது கரியமில வாயு கூடுதலாக உண்டாகிறது. அதை வெளியே தள்ளத்தான் அப்படி மூச்சிரைக்கிறது. நுரையீரல் பலவீனம் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி தேடி அலைய வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள், அது போதும்.

எவ்வளவு குறைப்பது? ஓடிக்கொண்டே, "இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன், நீங்கள் சாப்பிட ஆரம்பியுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்றால் வேகம் அதிகம். சிலருக்கு அந்தச் சரியான வேகம் கிலோமீட்டருக்கு 8 நிமிடமாக இருக்கும், சிலருக்கு 10 நிமிடமாக இருக்கும். விறுவிறுவென்று நடக்கிற ஒருவர் உங்களைத் தாண்டிப் போகலாம், போகட்டும். அந்த மெதுவான ஓட்டத்தில்தான் இதயம் ஒரு துடிப்புக்கு அதிக இரத்தம் தள்ளப் பழகுகிறது, தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. வேகம் பின்னால் தானாக வரும்.

இதய நோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள், ஆரம்பிக்கும் முன்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஓடும்போது மார்பில் அழுத்தமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ, கண் இருட்டுவதோ இருந்தால் அது பழகாததால் வரும் களைப்பு அல்ல. உடனே நிறுத்துங்கள், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது கால். புதியவர்கள் விட்டுவிடுவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கருத்து. மூச்சு சீக்கிரம் பழகிவிடும். ஓரிரு வாரத்திலேயே இரத்தத்தின் அளவு கொஞ்சம் கூடி, ஓட்டம் இலகுவாகத் தெரியும். எலும்புக்கும் தசைநாணுக்கும் அந்த வேகம் கிடையாது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் விழுகிறது. அதற்கு ஈடுகொடுக்க எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் அது முதலில் பழையதை அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. அரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும், கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒரு பொல்லாத இடைவெளி வரும்: மூச்சு "இன்னும் ஓடலாம்" என்று சொல்லும், எலும்போ அப்போதுதான் கொஞ்சம் பலம் குறைந்து நிற்கும். உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டிக் காயம்படுவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே எவ்வளவு ஓடுவது என்பதைக் காலை வைத்து முடிவு செய்யுங்கள், மூச்சை வைத்து அல்ல.

வாரத்துக்கு மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. முதல் நாள் இப்படிப் போகட்டும். 5 நிமிடம் வேகமான நடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இதை 8 முறை. கடைசியில் 5 நிமிடம் சாவகாசமான நடை. மொத்தம் 34 நிமிடம், அதில் ஓட்டம் 8 நிமிடம்தான். முடித்ததும் "இவ்வளவுதானா" என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் அடுத்த முறை இன்னும் மெதுவாக ஓடுங்கள். நடக்கும் 2 நிமிடத்தையும் களைப்பு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். ஓட்ட நேரம் முடிந்ததும், தெம்பு இருந்தாலும், நடங்கள்.

இரண்டாவது வாரமும் அதேதான். மூன்றாவது வாரம் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை. நான்காவது வாரம் கூட்டவே வேண்டாம், மூன்றாவது வாரத்தையே திரும்பச் செய்யுங்கள். மேலே சொன்ன எலும்புக் கணக்குதான் காரணம். ஐந்தாவது வாரம் 3 நிமிட ஓட்டம் 5 முறை, ஆறாவது வாரம் 5 நிமிட ஓட்டம் 4 முறை, ஏழும் எட்டும் 8 நிமிட ஓட்டம் 3 முறை, ஒன்பதாவது வாரம் 12 நிமிட ஓட்டம் 2 முறை. எல்லாவற்றுக்கும் நடுவில் 2 நிமிட நடை. பத்தாவது வாரம் 20 நிமிடம் நிற்காமல். அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் மூன்று, மூன்றரை மாதத்தில் 30 நிமிடம் தொடர்ந்து ஓடுவீர்கள்.

1996இல் ஜாஷ் கிளார்க் உருவாக்கிய 'கவுச் டு 5கே' 9 வாரத் திட்டம் உலகம் முழுக்கப் பிரபலம். அதையும் தாராளமாகப் பின்பற்றலாம். ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அதில் ஐந்தாவது வாரம் இரண்டாம் நாள் 8 நிமிடமாக இரண்டு முறை ஓடிவிட்டு, மூன்றாம் நாளே 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். அந்தத் தாவல் உங்களுக்குப் பெரிதாகப் பட்டால் நடுவில் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டத்தை நீட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஓடும் விதத்தைப் பற்றி ஏகப்பட்ட அறிவுரை கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: காலை ரொம்ப எட்டிப் போடாதீர்கள். பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால், முழங்கால் நீண்ட நிலையில் தரையில் விழுந்தால், ஒவ்வோர் அடியும் பிரேக் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவது மாதிரி. அதிர்ச்சி நேராக முழங்காலுக்கும் முன்பக்க எலும்புக்கும் போகும். அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 150 என்றால் அதே வேகத்தில் 160க்குக் கொண்டுவாருங்கள். நிமிடத்துக்கு 180 அடி வைத்தே ஆக வேண்டும் என்பது எல்லோருக்குமான சட்டம் அல்ல. குதிகால் முதலில் படுகிறதா முன்பாதம் படுகிறதா என்றும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். திடீரென்று முன்பாதத்துக்கு மாறினால் கெண்டைக்கால்தான் அவதிப்படும். தோளைத் தளர்த்தி, 15, 20 மீட்டர் தள்ளிப் பார்த்து ஓடுங்கள்.

ஷூ வாங்கும்போது விலையையும் பெயரையும் விட அளவு முக்கியம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நகம் கறுத்துப்போகும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பாருங்கள். கடைக்குள்ளேயே பத்து அடி ஓடிப் பார்த்து, எங்கேயும் உறுத்தாததை எடுங்கள். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். காலுறை பருத்தியாக இருந்தால் வியர்வையைக் குடித்து, உரசிக் கொப்புளம் போடும். செயற்கை இழைக் காலுறை நல்லது.

உங்களுக்கு இப்போது இருக்கும் முன்பக்க எலும்பு வலிக்கு வருவோம். உட்கார்ந்து, அந்த எலும்பின் உள்பக்க விளிம்பில், கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, கட்டைவிரலால் ஒவ்வோர் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து அங்குல நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் 'ஷின் ஸ்ப்ளின்ட்'. ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, சூடு ஏறியதும் குறைவது அதன் குணம். ஒன்றிரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, வலி இல்லாத அளவுக்கு நடை, சைக்கிள், நீச்சல் என்று மாறுங்கள். நடக்கும்போது வலி முழுக்கப் போனதும் 1 நிமிட ஓட்டத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். அப்படிப் பரவாமல், விரல் நுனி அளவு ஒரே இடத்தில் சுள்ளென்று வலித்தாலோ, அந்தக் காலில் மட்டும் ஒருமுறை குதித்தால் தாங்க முடியாமல் போனாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். அதன் மேல் ஓடவே கூடாது. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஓடிவிடாதீர்கள்.

தொடையும் கெண்டைக்காலும் மறுநாள், அதற்கடுத்த நாள் கடுப்பது வேறு. இரு காலிலும் ஒரே மாதிரி, தசை முழுக்க இருக்கும், சில நாளில் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஓடாத நாட்களில் இரண்டு நாள், பத்தே நிமிடம் கால் பலத்துக்கு ஒதுக்குங்கள். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது 15 தடவையாக 3 சுற்று. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12 தடவையாக 3 சுற்று. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 12 தடவையாக 3 சுற்று. ஒன்றையாவது செய்ய வேண்டும் என்றால் முதலாவதைச் செய்யுங்கள். கெண்டைக்கால்தான் ஓட்டத்தில் அதிகம் சுமக்கிறது.

விலாப் பக்கம் பிடித்தால் நடைக்கு மாறி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் ஓடுவதற்கு இரண்டு மணி நேரமாவது விடுங்கள். அரை மணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீரைச் சுமந்துகொண்டு போக வேண்டாம், தாகத்துக்குக் குடித்தால் போதும். வெயிலில் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு கூடும், அன்றைக்கு வேகத்தைக் குறையுங்கள். சூட்டுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் வரை ஆகும்.

எடை குறைக்கத்தான் ஓடுகிறீர்கள் என்றால் ஒரு கணக்கு. ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 கலோரி செலவாகும்; 70 கிலோ எடையுள்ளவர் 3 கிலோமீட்டர் ஓடினால் 210 கலோரி. எடை இயந்திரம் முதல் மாதம் பெரிதாக இறங்காது. அதை வைத்து முன்னேற்றத்தை அளந்தால் மனம் விட்டுப்போகும். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, போன மாதத்தை விட எத்தனை நிமிடம் கூடுதலாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிறது, இவற்றைப் பாருங்கள். மாற்றம் சீக்கிரமே தெரியும்.

நடுவில் ஒரு வாரம் தவறினால் முந்தைய வாரத்தின் அளவிலிருந்து தொடருங்கள். இரண்டு மூன்று வாரம் தவறினால் இரண்டு படி கீழே இறங்குங்கள். காய்ச்சல் வந்தால், அது விட்ட பிறகும் இரண்டு நாள் நடை மட்டும். விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட ஒரே வாரத்தில் ஐந்து நாள் ஓடுவதை மட்டும் செய்யாதீர்கள்.