மத்தியானம் எஞ்சின் கிளம்பலைன்னு கேட்ட கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு

தம்பி, பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில இருந்து அரிசோனாவுக்கு விமானம் ஓட்டப் படிக்க வந்த கையோட மூணு கேட்டிருக்கீங்க: வாடகை எப்படி, நம்ம அரிசி கிடைக்குமா, சாப்பாட்டுக்கு நிறுத்தின செஸ்னா 172 சின்ன விமானம் மறுபடி கிளம்ப ஏன் அடம்பிடிக்குது. இந்தியக் கடையில பொன்னியே கிடைக்கும். வாடகையைக் கூடப் படிக்கற பசங்களோட பங்கு போட்டுக்கங்க. மூணாவதுதான் முக்கியம். அதுல தப்பு பண்ணினா ஸ்டார்ட்டர் போகும், பேட்டரி போகும், சில நேரம் தீயே பிடிக்கும்.

உங்க வண்டியில இருக்கற லைகமிங் ஐஓ-360 எஞ்சினுக்குக் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காத்தோட கலக்கற பாகம்) கிடையாது. பெட்ரோல் எஞ்சின் உச்சியில இருக்கற டிவைடர்ல பிரிஞ்சு, நாலு மெல்லிய குழாய் வழியா நாலு சிலிண்டருக்குப் போகுது. எஞ்சின் நின்னதும் காத்து நின்னுடும், சூடு மேல ஏறும், குழாய்ல இருக்கறது கொதிச்சு ஆவியாகும். கொஞ்சம் நாசில் (குழாய் முனை) வழியா ஒழுகி, காத்து உள்ள போற இன்டேக்லயும் தேங்கும். அப்ப குளிர்ந்த எஞ்சினுக்குப் பண்ற மாதிரி மறுபடி பிரைம் பண்ணினா, அதாவது கிளப்பறதுக்கு முன்னாடி பெட்ரோலை உள்ள அனுப்பினா, எஞ்சின் பெட்ரோல்ல மூழ்கிடும்.

காலையில எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, த்ராட்டில் (பவரைக் கூட்டிக் குறைக்கற பிடி) கால் இஞ்ச், பெட்ரோல் பம்ப் ஆன், மிக்ஸ்சரை (காத்தோட எவ்வளவு பெட்ரோல்னு மாத்தற பிடி) முழுசாத் தள்ளி 3 முதல் 5 நொடி ஃபியூல் ஃப்ளோ நிலையா வரவிட்டு, இழுத்துட்டு, பம்பை நிறுத்திச் சுத்துங்க. மத்தியானம் பிரைமே வேண்டாம். த்ராட்டில் அரை இஞ்ச், மிக்ஸ்சர் கட்-ஆஃப் (பெட்ரோல் நிக்கற அளவுக்கு முழுசா இழுத்தது), சுத்துங்க. ரெண்டு முறையிலயும் பிடிச்சதும் மிக்ஸ்சரை நிதானமா உள்ள தள்ளிக்கிட்டே த்ராட்டிலைக் குறைங்க. திக்கினா பம்பைச் சில நொடி போடலாம். மூழ்கிட்டா மிக்ஸ்சர் கட்-ஆஃப், த்ராட்டில் முழுசாத் திறந்து சுத்தணும். பிடிச்ச நொடியே த்ராட்டில் பின்னாடி வரணும். 10 நொடி சுத்தினா 20 நொடி ஓய்வு. அப்படி மூணு தடவை ஆச்சுன்னா 10 நிமிஷம் கையை எடுத்துடுங்க. கிளம்பினதும் 30 நொடிக்குள்ள ஆயில் பிரஷர் வரலைன்னா நிறுத்திடணும்.

முன்னாடி வந்த நம்ம பசங்க சிலர், "கட்-ஆஃப்ல வெச்சே பம்பை ஒரு நிமிஷம் ஓட்டு, குழாய் குளிரும்"னு சொல்லுவாங்க. எனக்கு அதுல ரொம்பக் கோபம் வரும். அது டேங்குக்குத் திரும்பற குழாய் இருக்கற கான்டினென்டல் எஞ்சினுக்கான வழி. உங்க லைகமிங்குக்கு அது பொருந்தாது. எந்த எஞ்சின்னு கேக்காம யோசனை சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க.

அதே ஆளுங்கதான் "தரையில முழு ரிச்சாவே, அதாவது மிக்ஸ்சரை முழுசாத் தள்ளியே விடு, அதுதான் பத்திரம்"னும் சொல்லுவாங்க. விமானத்துக்குப் போடற 100 எல்எல் பெட்ரோல்ல லிட்டருக்கு 0.56 கிராம் வரைக்கும் ஈயம் இருக்கலாம். அதை வெளியேத்தக் கலக்கற எத்திலீன் டைபுரோமைடு வேலை செய்ய ஸ்பார்க் பிளக் சூடா இருக்கணும். எஞ்சின் மெதுவா ஓடற ஐடில்ல அந்தச் சூடு இல்லை. ரிச்சா விட்டா இன்னும் குறையும். கீழ் பிளக்ல ஈயக் குண்டு உக்காந்துடும்.

அதனால கிளம்பினதும் 1000–1200 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கற கணக்கு) மிக்ஸ்சரை இழுங்க. ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி, இறங்கத் தொடங்கற இடத்துல விடுங்க. த்ராட்டிலைத் தள்ளினா எஞ்சின் தடுமாறணும், அவ்வளவு இழுக்கணும். அப்பத்தான் மறந்து டேக்-ஆஃப்க்குத் தள்ளினாலும் ஓடுபாதை முனையிலயே இருமிக் காட்டிக்கொடுக்கும். பாதி இழுத்து விடறதுதான் ஆபத்து. முழுப் பவர்ல தட்டல் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாம வெடிக்கறது) வந்து பிஸ்டனைத் தின்னுடும். 1800ல, பிளக்குக்குத் தீப்பொறி தர்ற ரெண்டு மேக்னெட்டோவையும் ஒவ்வொண்ணாப் பாக்கும்போது ஆர்பிஎம் 150க்கு மேல விழுந்தாலோ, ரெண்டுக்கும் 50க்கு மேல வித்தியாசம் இருந்தாலோ, லீன் பண்ணி (பெட்ரோலைக் குறைச்சு) 2000ல கொஞ்ச நேரம் ஓட்டி எரிச்சுப் பாருங்க. சரியாகலைன்னா பறக்காதீங்க. 7,014 அடி உயரத்துல இருக்கற ஃபிளாக்ஸ்டாஃப் போனா, முழு த்ராட்டில்ல அதிகபட்ச ஆர்பிஎம் வர்ற அளவுக்கு லீன் பண்ணித்தான் கிளம்பணும்.

நிறுத்தும்போது முழு ரிச்ல இருந்து மெதுவா இழுங்க. நிக்கறதுக்கு முன்னாடி ஆர்பிஎம் ஏத்தம் 50ஐத் தாண்டினா ஐடில் ரொம்ப ரிச், ஏறாமலே விழுந்தா லீன். மெக்கானிக்கிட்ட சொல்லிடுங்க.

பிளக்கை நீங்களே சுரண்டாதீங்க. நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பெட்ரோல்ல கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாத்தற பம்புசெட் இருந்துச்சே, பிளக் கரிச்சா கழட்டி உப்புத்தாள்ல தேய்ச்சு மாட்டுவாங்க. கணவாய்க் காத்து அடிக்கற நாள்ல அந்தப் புகை ரொம்ப தூரம் நீளும். சூடா நிறுத்தினா அதுவும் உடனே கிளம்பாது. நாலு இளநி வெட்டற நேரம் விட்டுட்டுத்தான் கயிறு இழுப்பாங்க. உங்க தோட்டத்துல அந்த மோட்டார் ரூம் இன்னும் இருக்குதுங்களா?