அம்பு இறகைச் சூட்டுக் கம்பியால் வெட்டும்போது விளிம்பு ஏன் உருண்டு கருகுகிறது?

பெரும்பாலும் கம்பியில் சூடு போதாததுதான் காரணம். அல்லது அம்பை அவசரமாகச் சுழற்றுகிறீர்கள். கம்பியாகப் பயன்படும் நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலப்பு உலோகம்) பட்டை மங்கலான ஆரஞ்சு நிறத்துக்கு வரவேண்டும். வெறும் சிவப்பில் இறகு சுத்தமாக எரியாது. கம்பியில் ஒட்டி இழுபடும், விளிம்பில் மணிமணியாகக் கரி சேரும். மஞ்சளாகும் வரை சூடேற்றினால் கம்பி தொய்ந்து வடிவமே கெட்டுவிடும்.

சூட்டில் கம்பி நீளும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பியை இறகின் வடிவத்துக்கு வளைப்பதை, மின்சாரத்தை நிறுத்தி, ஆறிய பிறகு செய்யுங்கள். ஆனால் உயரத்தைச் சூடான நிலையில்தான் சரிபார்க்க வேண்டும். அம்பின் தண்டிலிருந்து இறகின் உச்சி அரை அங்குலம் என்பது நல்ல தொடக்கம். இறகின் முன்முனையில் கம்பி தண்டை நெருங்கலாம், தொடக்கூடாது. தொட்டால் மரத் தண்டும் கார்பன் தண்டும் கருகும்.

மூன்று இறகுகளும் வான்கோழியின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்தவையாக, பிசின் முழுதாகக் காய்ந்தவையாக இருக்கட்டும். அம்பைத் தாங்கியில் கிடத்தி, பின்முனையைத் தடுப்பில் முட்டவைத்து, விரல்களால் மெதுவாக ஒரே சீராக ஒரு சுற்று. நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் பள்ளம் விழும். பிறகு விளிம்பை விரலால் நீவினால் கரி உதிர்ந்துவிடும்.

முதலில் பழைய அம்பில் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வீட்டை நிறைக்கும், ஆகவே வெளியில் செய்யுங்கள். பிளாஸ்டிக் இறகை இதில் வைக்கவே கூடாது.