சோயாப் புண்ணாக்கை நிறுத்திவிட்டு மாட்டுக்கும் கோழிக்கும் பட்டாணி கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் கேள்வியில் "நிறுத்திவிட்டு" என்று இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். சோயா விலை ஏறியிருக்கும், எங்கோ பட்டாணி மலிவாகக் கிடைத்திருக்கும். மூட்டை ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். நானும் அப்படித்தான் இறக்கினேன்.

அப்போது என்னிடம் நாற்பது முட்டைக்கோழிகள். 100 கிலோ தீவனத்தில் 20 கிலோ சோயாப் புண்ணாக்கு போடுவேன். அதை எடுத்துவிட்டு 20 கிலோ பட்டாணியை அரைத்துப் போட்டேன். இதுவும் பருப்பு, அதுவும் பருப்பு என்ற நினைப்பு. முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் முட்டை சிறுத்தது. ஒருநாள் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தால் வால் பக்கம் இறகே இல்லை. சிவந்த தோல், பாதி ஒடிந்த இறகுக் குருத்து, அதில் காய்ந்த ரத்தம். ஒன்றையொன்று கொத்தியிருக்கின்றன. பேன் என்று நினைத்துச் சாம்பல் தூவினேன். கூண்டை மாற்றினேன். தீவனத்தை மட்டும் சந்தேகப்படவில்லை, அதுதான் நானே யோசித்துச் செய்தது ஆயிற்றே!

கடைசியில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. சோயாப் புண்ணாக்கில் புரதம் சுமார் 46 சதவீதம். பட்டாணியில் சுமார் 23. (44, 48 என்றெல்லாம் சண்டைக்கு வராதீர்கள், புண்ணாக்குக்குப் புண்ணாக்கு மாறும்.) கிலோவுக்குக் கிலோ மாற்றியதில் 17 சதவீதமாக இருந்த தீவனப் புரதம் பன்னிரண்டரைக்கு இறங்கிவிட்டது. போதாததற்கு, பட்டாணிப் புரதத்தில் மெத்தியோனின் குறைவு. (புரதம் அமினோ அமிலங்களால் ஆனது, மெத்தியோனினும் லைசினும் அவற்றில் இரண்டு.) கோழித் தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவதே அதுதான், இறகு வளரவும் அது வேண்டும். லைசின் விஷயத்தில் பட்டாணியைக் குறை சொல்ல முடியாது, மக்காச்சோளத்தில் இருக்கும் லைசின் குறையை அது ஈடுகட்டும். பன்றிகளுக்குப் பட்டாணி நன்றாக ஒத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு: மூன்று கிலோ பட்டாணி போட்டால் ஒரு கிலோ சோயாவையும் இரண்டு கிலோ மக்காச்சோளத்தையும் எடுக்கலாம். பட்டாணியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மாவுச்சத்து இருப்பதால் சோளத்தின் வேலையையும் அது பார்க்கும். கோழிக்கு 100 கிலோ தீவனத்தில் பட்டாணியை 20 கிலோவோடு நிறுத்திக்கொண்டு, மெத்தியோனின் தனியாகச் சேர்க்கிறேன். முட்டை சீக்கிரம் தேறிவிட்டது. இறகு வர நாளானது.

இதையெல்லாம் எடை போட்டுத்தான் கலக்க வேண்டும், வாளிக் கணக்கு உதவாது. என் தராசை மச்சான் இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. கேட்டால், "ஒரு தராசுக்கா இப்படி?" என்று என்னைத்தான் அற்பன் ஆக்குகிறார். சரி, அதை விடுங்கள்.

மாட்டுக்கு மெத்தியோனின் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். அங்கே பிரச்சினை வேறு. பட்டாணிப் புரதத்தில் பெரும்பகுதி மாட்டின் முதல் வயிறான பெருவயிற்றிலேயே கரைந்து அங்கிருக்கும் நுண்ணுயிர்களுக்குப் போய்விடும். நடுத்தரமாகப் பால் தரும் மாட்டுக்கு அது போதும். அதிகம் கறக்கும் மாட்டுக்குப் பெருவயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போகும் புரதமும் வேண்டும், அதனால் கொஞ்சம் புண்ணாக்கை விட்டுவையுங்கள். ஒன்றிரண்டாக உடைத்தால் போதும், மாவாக்க வேண்டாம். பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரே நாளில் நிறையப் போட்டால் மாவுச்சத்து புளித்து வயிறு கெடும்.

நான் பட்டாணிக்கு எதிரி இல்லை, சோயா வியாபாரியும் இல்லை. கோழிக்குப் பச்சை சோயாவை வறுக்காமல் கொடுக்கக் கூடாது, பட்டாணிக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். தோல் பழுப்பாகவோ புள்ளி புள்ளியாகவோ இருந்தால் ஊதாப்பூ ரகமாக இருக்கலாம். அதன் தோலில் துவர்ப்பு அதிகம், புரதம் சரியாகச் செரிக்காது. கோழிக்கு வேண்டாம், மாட்டுக்குப் போடலாம். பூசண வாடை அடித்தால் இரண்டுக்குமே வேண்டாம்.