இர்விங் பென்னின் ஃபேஷன் படங்கள்: எதைப் பார்ப்பது, என்ன எழுதுவது?

கேள்வி: சென்னையில் விஸ்காம் படிக்கிறேன். பழைய கருப்பு வெள்ளை ஃபேஷன் புகைப்படக்காரர் ஒருவரை எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இர்விங் பென்னை எடுத்துக்கொண்டேன். வாழ்க்கை வரலாறு எழுதி முடித்துவிட்டேன். ஆனால் படங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'எளிமை', 'நேர்த்தி' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஒரு படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த வாழ்க்கை வரலாற்றை ஒரு பத்தியாகச் சுருக்கிவிடுங்கள். 1917-ல் நியூஜெர்சியில் பிறந்தார், பிலடெல்பியாவில் அலெக்ஸி ப்ரோடோவிச்சிடம் டிசைன் படித்தார், 1943-லிருந்து வோக் பத்திரிகைக்குப் படம் எடுத்தார், 2009-ல் இறந்தார். போதும். இதில் படங்களைப் புரிந்துகொள்ள உதவுவது அவர் டிசைன் படித்தவர் என்பதும், ஓவியராக ஆசைப்பட்டு கொஞ்ச காலம் மெக்சிகோவில் வரைந்துகொண்டிருந்தார் என்பதும்தான். ஒரு வெள்ளைப் பக்கத்தில் கருப்பு எங்கே விழ வேண்டும் என்று யோசித்துப் பழகிய கண் அது.

'எளிமை' என்று எழுதுவதில் தப்பே இல்லை, ஆனால் அது கடைசியில் வர வேண்டிய சொல். எதையெல்லாம் எடுத்துவிட்டதால் அந்த எளிமை வந்தது, எடுத்துவிட்ட இடத்தில் எது வேலை செய்கிறது என்று காட்டினால்தான் ஆய்வு. கட்டுரை முழுவதையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எழுதிவிடலாம்.

அவருடைய எல்லாப் படங்களையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1950-ல் பாரிஸில் எடுத்தவை மட்டும் போதும். அந்த வருஷம் பாரிஸின் புதிய உடைகளைப் படமெடுக்க வோக் அவரை அனுப்பியது. ரூ த வோஜிரார் தெருவில் பழைய புகைப்படப் பள்ளி ஒன்றின் மேல்மாடி, ஜன்னல் வழியாக வரும் வடக்கு வெளிச்சம், பின்னால் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்த ஒரு பழைய நாடகத் திரை, இவ்வளவுதான் ஸ்டுடியோ. அதற்கு முன்பு வந்த ஃபேஷன் படங்களில் தூண், மாடிப்படி, கண்ணாடி, பூ ஜாடி என்று செட்டே பாதிக் கதை சொல்லும். இங்கே அது எதுவும் கிடையாது.

இப்போது அந்தப் பாரிஸ் படங்களில் ஒன்றான 'ரோஷா மெர்மெய்ட் டிரெஸ்' (ரோஷா என்பது உடை வடிவமைப்பாளரின் பெயர்) படத்தை பிரிண்ட் போட்டு, மேலே டிரேசிங் பேப்பரை வைத்து, முகம் கை எதையும் வரையாமல் வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள். உடம்போடு ஒட்டி இறங்கும் உடை கீழே மீன் வால் மாதிரி விரிவது அந்த ஒரே கோட்டில் கிடைத்துவிடும். உடை விற்கும் பத்திரிகைக்கு இதைவிட என்ன வேண்டும்? 1947-ல் உடை வடிவமைப்பாளர் டியோர் கொண்டுவந்த புதிய பாணியிலிருந்து பாரிஸ் உடைகள் இடுப்பில் இறுக்கியும் அகலமாக விரித்தும் வடிவத்தையே பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்த காலம், அதனால் பின்னணியைக் காலி செய்வது பென்னின் ரசனை மட்டும் இல்லை, அந்த உடைகளே கேட்ட விஷயம் என்று நீங்கள் வாதிடலாம். இன்னொன்று, அந்தக் கோட்டில் பாதி மாடலுடையது. லிசா ஃபான்சாக்ரீவ்ஸ் நடனம் பயின்றவர், உடம்பின் எடையை எந்தக் காலில் வைக்க வேண்டும், கழுத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதே 1950-ல் பென்னைத் திருமணம் செய்துகொண்டார். ஆனால் அவரை 'மனைவி' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள், படத்தை உருவாக்கியவர்களில் ஒருவராக எழுதுங்கள்.

அப்புறம் வெளிச்சம். 'அருமையான ஒளி' என்று எழுதாமல் நிழலின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் கத்தியால் வெட்டினது போல இருந்தால் சின்ன, நேரடி விளக்கு. மெல்ல மெல்லக் கரைந்தால் பெரிய ஜன்னல் அல்லது மூடின வானம். பென்னின் பாரிஸ் படங்களில் கன்னத்திலும் துணி மடிப்பிலும் நிழல் கரையும். பக்கத்தில் வைத்துப் பார்க்க, இன்னொரு ஃபேஷன் புகைப்படக்காரரான ஹோர்ஸ்டின் 'மெயின்பாக்கர் கோர்செட்' (இடுப்பை இறுக்கும் உள்ளாடை) படத்தை எடுங்கள், 1939, அதுவும் பாரிஸ்தான். அங்கே ஸ்பாட் லைட்டுகள் முதுகைச் செதுக்குகின்றன, அவிழ்ந்து தொங்கும் நாடாவும் நிழலும் சேர்ந்தே டிசைன் ஆகிவிடுகின்றன. ஹோர்ஸ்ட் இருட்டால் வடிவம் செய்தவர், பென் வெளிக்கோட்டால் செய்தவர் என்று எழுதினால் அதற்கு ஆதாரம் உங்கள் கண் முன்னாலேயே இருக்கும்.

இதை நீங்களே ஜன்னலோரத்தில் செய்து பார்த்தால் கட்டுரைக்கு இன்னும் நல்லது, ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பாரிஸில் பகல் நேரத்தில் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கே இருக்கும், காலையிலும் மாலையிலும் அந்த ஜன்னலில் வெயில் சாய்வாக உள்ளே வந்துவிடும். ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள்.

இனி என்னைப் பொறுத்தவரை முக்கியமான பகுதி. உடைகளைப் படமெடுத்த அதே மாடியில், அதே வெளிச்சத்தில், இடையிடையே கசாப்புக் கடைக்காரர், பேக்கரிக்காரர், ஹோட்டல் சர்வர் என்று தெருவில் உழைப்பவர்களை அவரவர் வேலை உடையில், கையில் கருவியோடு நிற்க வைத்து எடுத்தார். 'சிறு தொழில்கள்' என்ற இந்த வரிசை பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் தொடர்ந்தது. வடிவமைப்பாளர் பேலன்சியாகாவின் ஒரு உடையையும் கசாப்புக் கடை ஏப்ரனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் அதே மரியாதை, அதே அளவு கவனம். பென்னை வெறும் ஆடம்பரப் படக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் அதே முறைக்கு இன்னொரு முகமும் உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும். 1967-ல் டஹோமி (இன்றைய பெனின்), 1970-ல் நியூகினி என்று பென் கூடார ஸ்டுடியோவைத் தூக்கிக்கொண்டு போய் அங்குள்ளவர்களையும் இப்படியே வெற்றுப் பின்னணியில் எடுத்தார். கூலிக்குப் போஸ் கொடுக்கும் மாடலிடமிருந்து சூழலை எடுத்துவிடுவதும், வேறு தேசத்து மனிதர்களிடமிருந்து அவர்களுடைய ஊரையும் வீட்டையும் எடுத்துவிடுவதும் ஒன்றல்ல. படம் அழகாக இருக்கிறது, அவர்களோ வடிவங்களாகச் சுருங்கிவிடுகிறார்கள் என்பது நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் பார்ப்பது எந்தப் பிரதி என்று கவனியுங்கள். 1964 முதல் பென் பிளாட்டினம்-பல்லேடியம் அச்சில் இறங்கினார். காகிதத்தில் கையாலேயே ரசாயனம் பூசி, படத்தின் அளவுக்கே பெரிதாக்கின நெகட்டிவை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டும் முறை. பளபளப்பு இருக்காது, சாம்பல் படிகள் நிறைய கிடைக்கும். 1950-ல் எடுத்த பல படங்களைப் பிற்பாடு இப்படி அச்சிட்டார். அதனால் பத்திரிகையில் வந்த அதே படமும் மியூசியத்தில் தொங்கும் பிரதியும் வேறு வேறு டோனில் (கருப்பு, சாம்பல், வெள்ளையின் அழுத்தத்தில்) இருக்கும். நியூயார்க் மெட் மியூசியம், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட், லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி மூன்றின் தளங்களிலும் அவர் படங்கள் இருக்கின்றன, 'சிறு தொழில்கள்' வரிசைக்குக் கெட்டிக்குப் போங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எடுத்த வருஷம், அச்சிட்ட வருஷம், அச்சு முறை மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்டரெஸ்டில் கிடைக்கும் பிரதியை வைத்து டோனைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள், யாரோ காண்ட்ராஸ்ட் ஏற்றி வைத்திருப்பார்கள்.