இன்டர்லூக்கின்-2 புரதத்தின் வடிவத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அது தப்பாகப் போக வாய்ப்பு உண்டா?

தாராளமாகப் போகலாம். நீங்கள் கேட்ட அதே புரதத்துக்கே போயிருக்கிறது.

முதலில் எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்டர்லூக்கின்-2 என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியில் வேலை செய்யும் டி செல்களைப் பெருகச் சொல்லும் சமிக்ஞைப் புரதம், 133 அமினோ அமிலம், சின்ன ஆள்தான். ஈ.கோலை பாக்டீரியாவில் செய்யவைத்தால் கரையாத உருண்டையாகத் திரண்டுவிடும், அதைக் கரைத்து மறுபடி மடிய வைக்க வேண்டும். அதிலும் 125ஆவது இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஜோடியில்லாமல் இருக்கிறது, அது தப்பான துணையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் புற்றுநோய் மருந்தாக வரும் வடிவத்தில் அந்த இடத்தில் செரின் என்ற வேறு அமினோ அமிலத்தைப் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் எக்ஸ்-ரே அடித்து வடிவத்தைப் பார்க்க அதைப் படிகமாக்க வேண்டும். நான் சில வருடம் ஓர் ஆய்வகத்தில் இந்த வேலை பார்த்தேன் (வேறு புரதம்). கண்ணாடித் துண்டில் இரண்டு மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, கிணறு மாதிரியான குழிமேல் கவிழ்த்து, ஓரத்தில் கிரீஸ் தடவி மூடிவிட்டு, வாரக்கணக்கில் மைக்ரோஸ்கோப்பில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்போம். எனக்கு முதலில் கிடைத்த அழகான படிகத்தை ஊசியால் குத்தினேன், 'டிக்' என்று உடைந்தது. உப்பு! புரதப் படிகமாக இருந்தால் சத்தமே இல்லாமல் நசுங்கிப்போயிருக்கும். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

படிகம் கிடைத்து எக்ஸ்-ரே அடித்தாலும் புரதத்தின் படம் நேரடியாக வராது, புள்ளிகள்தான் வரும். புள்ளியின் பிரகாசம் தெரியும், அந்த அலை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பது தொலைந்துபோயிருக்கும். பாதரசம் போன்ற கனமான அணுக்களைப் படிகத்துக்குள் ஊறவைத்து அதை மீட்பது பழைய வழி. கடைசியில் கையில் இருப்பது எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம், அதாவது எலக்ட்ரான்கள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று காட்டும் படம். அதற்குள் அமினோ அமிலச் சங்கிலியை இழுத்து வைப்பது ஆய்வாளரின் வேலை, தப்பு நடப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

1987இல் டேவிட் மெக்கேயின் குழு இன்டர்லூக்கின்-2இன் அமைப்பை 3 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் சயன்ஸ் இதழில் வெளியிட்டது (ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு, எண் குறையக் குறையத் தெளிவு கூடும்). அந்தத் தெளிவில் வரைபடம் இடியாப்பச் சிக்கல் மாதிரி இருக்கும். ஹெலிக்ஸ்கள், அதாவது சங்கிலி சுருளாகச் சுற்றிய பகுதிகள், தடித்த குழாயாகத் தெரியும், ஆனால் குழாய்க்கு எது தலை எது வால், ஒன்றிலிருந்து எதற்குப் போகிறது என்பதைச் சொல்லும் வளைவுகள் மங்கிப்போயிருக்கும். பெர்னாண்டோ பாசான் என்ற ஆய்வாளர் அமினோ அமில வரிசைகளை ஒப்பிட்டே, வளர்ச்சி ஹார்மோனும் பல சைட்டோகைன்களும் (இன்டர்லூக்கின் மாதிரியான சமிக்ஞைப் புரதங்கள்) ஒரே நான்கு ஹெலிக்ஸ் கட்டு, முதல் இரண்டு மேல்நோக்கி, அடுத்த இரண்டு கீழ்நோக்கி என்று வாதாடியவர். 1987 அமைப்பு அதில் உட்காரவில்லை. 1992இல் அதே சயன்ஸில் அதைச் சுட்டிக்காட்டினார், மெக்கேயும் அதே இதழில் திருத்திய அமைப்பைத் தந்தார். பாசான் சொன்னது சரி.

ஐந்து வருடம் தப்பான படம் இருந்தால் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். எந்த அமினோ அமிலத்தை மாற்றினால் ரிசப்டர் (செல்லில் இருந்து இந்தச் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதம்) பிடி தளரும் என்று அந்தப் படத்தை வைத்து யோசித்தவர்களைக் கேட்டால் தெரியும். மூன்று ரிசப்டர்களும் சேர்ந்து இதைப் பிடித்திருக்கும் வடிவம் 2005இல்தான் வந்தது, 2.3 ஆங்ஸ்ட்ராமில்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963இல் தந்த ராமச்சந்திரன் வரைபடம் இன்றும் ஒரு சோதனை: சங்கிலி திரும்ப முடியாத கோணத்தில் திரும்பியிருந்தால் அந்தப் புள்ளி எல்லைக்கு வெளியே தனியாக நிற்கும். பொருத்தும்போது தரவில் கொஞ்சத்தைத் தொடாமல் ஒதுக்கிவைத்து, மாதிரி அதையும் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கும் ஆர்-ஃப்ரீ வந்தது 1992இல். அதற்கு முன்பு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது ரொம்பச் சுலபம்.

நீங்களே ஓர் அமைப்பைத் திறந்து பார்த்தால் முதலில் எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்று பாருங்கள். ஏதாவது வளைவு புள்ளிக்கோடாக இருந்தால், அந்த இடம் வரைபடத்தில் தெரியவில்லை, அதனால் கட்டாமல் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.