ஒட்டுப் போட்ட இடம் மறுபடி விட்டால்: படகுப் பட்டறையிடம் நியாயம் கேட்பது எப்படி?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் 28 அடி ஃபைபர் படகு வைத்து நானும் தம்பியும் தொழில் பார்க்கிறோம். அடியில் விரிசல் விழுந்ததால் மே மாதம் பட்டறையில் விட்டோம். 40,000 ரூபாய் என்று பேசிவிட்டு, வேலை முடிந்ததும் 52,000 என்றார்கள். பேசிய 40,000 கொடுத்தாயிற்று. இறக்கிய 11ஆம் நாளே அதே இடம் விட்டு, தண்ணீர் ஏறுகிறது. கேட்டால் "கல்லில் இடித்திருப்பீர்கள்" என்கிறார் பட்டறைக்காரர். சர்வீசுக்குக் கொடுத்த எங்கள் இரண்டாவது என்ஜினும் அவரிடம்தான் இருக்கிறது. அதற்கான கூலியை வாங்கிக்கொண்ட பிறகும், படகு வேலைக்கு மீதி 12,000 தந்தால்தான் என்ஜினைத் தருவேன் என்கிறார். பில் எதுவும் தரவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில், அந்தப் படகை மறுபடி கடலில் இறக்காதீர்கள். அவசரத்துக்கு வேறு பட்டறையில் விட்டு அந்த இடத்தைத் தேய்க்கவும் விடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது உங்களுக்கே தெரியும். இன்னொன்று, உங்கள் வழக்குக்கு இருக்கும் ஒரே நல்ல சாட்சி அந்த ஒட்டுதான். பல ஆண்டுகளாக ஃபைபர் படகுகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவன் நான். நியாயம் தன் பக்கம் இருந்தும் படகுக்காரர் தோற்ற இடங்களில் பெரும்பாலும் இதுதான் நடந்திருந்தது: நான் போய்ப் பார்ப்பதற்குள் பழைய ஒட்டைச் சுரண்டி எறிந்துவிட்டு, புது மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டியிருப்பார்கள்.

கல்லில் இடித்ததா, வேலை சரியில்லையா என்பதை அந்த இடமே சொல்லும். இடித்திருந்தால் வெளிப்பக்கத்தில் கீறலோ நசுங்கலோ இருக்கும். ஜெல்கோட் (ஃபைபரின் வெளிப்பூச்சு) நட்சத்திரம்போல் வெடித்திருக்கும். உடைந்த இடத்தில் நார் கிழிந்து பிசிறு பிசிறாக நிற்கும். ஒட்டு பிடிக்காமல் விட்டிருந்தால் தோற்றமே வேறு. மேட் ஏடு ஏடாகப் பிரிந்து தூக்கும். அதன் அடிப்பக்கம் வழுவழுவென்று பளபளக்கும், சில சமயம் பழைய பெயின்ட்டே அதில் ஒட்டிக்கொண்டு வரும். பெயின்ட்டின் மேலேயே மேட் ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரு ரூபாய் நாணயத்தால் ஒட்டைச் சுற்றி மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீர் என்று ஒலிக்கும். பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்கும் எல்லையை மார்க்கரால் வட்டமிட்டு, பக்கத்தில் அளவு டேப் வைத்து, தேதி தெரிய படமும் வீடியோவும் எடுங்கள். பெயின்ட் இல்லாத ஓரத்தில் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் ரெசின் (மேட்டை ஒட்டும் பிசின்) சரியாக இறுகவில்லை, அதை இறுக வைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட்டின் அளவு தவறியிருக்கலாம். உரிந்து விழுந்த துண்டுகளைக் கவரில் போட்டு வையுங்கள்.

சரியான வேலை எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் நீங்கள் வாதாட முடியும். பழைய ஃபைபரில் புது ரெசின் தானாகப் பிடிக்காது. பெயின்ட், ஜெல்கோட் எல்லாம் போகும்வரை முரட்டு டிஸ்க்கால் தேய்த்து, உப்பும் ஈரமும் இல்லாமல் காயவிட்டு, அசிட்டோனால் துடைத்த பிறகே மேட் வைக்க வேண்டும். விரிசலைச் சுற்றி, படகு ஓட்டின் தடிப்பைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்ப்பது முறை. ஓடு 6 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் இருபக்கமும் 7 சென்டிமீட்டருக்குக் குறையாத சரிவு வேண்டும். உங்கள் ஒட்டின் ஓரத்தில் அந்தச் சரிவு இல்லாமல் செங்குத்தாக நின்றால், அதையும் அளந்து படமெடுங்கள். மே மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையேறி, பட்டறைகளில் மூச்சுவிட நேரம் இருக்காது. காயவிட வேண்டிய நாட்கள்தான் அந்த நெரிசலில் முதலில் குறையும். கூடுமானால் ஃபைபர் படகு வேலையை இந்த மாதங்களில் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கடிதம். திட்டாமல், பயமுறுத்தாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். எப்போது விட்டீர்கள், என்ன பேசினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் எப்படி விட்டது என்று சொல்லி, 15 நாளுக்குள் வந்து பார்த்துச் செலவில்லாமல் சரிசெய்து தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வந்து பார்த்தால், அது நல்லது. உண்மையிலேயே சரிசெய்ய நினைக்கும் பட்டறைக்காரர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

என்ஜின் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170இன்படி, ஒரு பொருளில் உழைத்தவர் அந்த உழைப்புக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைப் பிடித்து வைக்கலாம். என்ஜினுக்கான கூலி தீர்ந்த பிறகு, படகின் பாக்கிக்காக என்ஜினைப் பிடிக்க அந்தப் பிரிவு இடம் தரவில்லை. மொத்தக் கணக்குக்காக எதையும் பிடித்து வைக்கும் உரிமையைப் பிரிவு 171 வங்கி போன்ற சிலருக்கே தருகிறது. தனியாக ஒப்பந்தம் இருந்தாலொழியப் பட்டறைக்கு அது இல்லை. இதையும் கடிதத்தில் எழுதுங்கள். ஆனாலும் என்ஜின் இல்லாமல் ஒவ்வொரு நாளும் பிழைப்பு போகிறது என்றால், 12,000ஐ யுபிஐ வழியாகக் கொடுத்து, "ஆட்சேபத்துடன் தருகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று அப்போதே வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு எடுத்து வருவதே நல்லது என்பேன். கைக்காசாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் வைப்பதில் தவறில்லை. உங்கள் கரையில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது, ஒரே உட்காரலில் முடிந்தும் போகலாம். முடிவை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனால் ஒன்றை மறக்காதீர்கள்: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் கெடு இரண்டு ஆண்டு. பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக அது நிற்காது.

அங்கே போவதானால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். "இது வியாபாரம், இவர் நுகர்வோரே இல்லை" என்பதுதான் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதமாக இருக்கும். அதற்குப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: நானும் தம்பியும் சொந்தக் கையால் உழைத்து வயிறு கழுவுகிறோம். அதை மனுவின் முதல் பத்தியில் எழுதுங்கள். மீனவர் அடையாள அட்டையின் நகலை இணையுங்கள். பில் இல்லையே என்று தயங்க வேண்டாம். பில் தராததையே முறையற்ற வணிகம் என்கிறது அதே சட்டம். பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் குரல் செய்தியும் அழியாமல் இருக்கட்டும். தொழிலுக்குப் போகாத நாட்களுக்கு இழப்பீடு கேட்க, முந்தைய மாதங்களில் மீன் ஏலம் போட்ட சீட்டுகளைத் தேடி எடுங்கள். மனுவுக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம்.

விஷயம் தெரிந்த ஒருவரின் எழுத்து அறிக்கை இருந்தால் மனு பலமாகும். இன்சூரன்சுக்குப் படகு பார்க்கும் சர்வேயர் ஒருவரை அழைத்து, ஒட்டு இருக்கும் நிலையிலேயே காட்டி எழுதி வாங்குங்கள். நாகையிலேயே மீன்வளப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, அங்கும் கேட்டுப் பாருங்கள். அறிக்கை கைக்கு வந்த பிறகு புதுப் பட்டறையில் விடலாம். எத்தனை அடுக்கு மேட், என்ன தொகை என்று தாளில் எழுதி வாங்குங்கள். தேய்த்து முடித்து மேட் வைப்பதற்கு முன்னால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருக்கட்டும். பெயின்ட் ஏறிய பிறகு போனால் உள்ளே என்ன செய்தார்கள் என்று யாராலும் பார்க்க முடியாது.